நாலாவது படத்தில் சிரித்த குழந்தை

முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து மலேசியாவில், சிரம்பான் மருத்துவமனையிலிருந்து வெளியே வந்தபோது, ஆறு வாரத்துக்குப் படி ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வெளிநாட்டில் நான் குடியிருந்த வீடோ மூன்றாவது மாடியில், லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தில் இருந்தது. அதனால் லுக்குட்டுக்குப் பக்கத்தில், நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தில், தம்பி வீட்டுக்கே போய்ச் சேர்ந்தேன். தரைவீடு. நான் சிறுமியாக இருந்தபோது சுற்றிலும் ரப்பர் மரங்கள். இப்போது எண்ணெய்ப்பனை. தம்பி பனங்குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறான்.

என் வேலையைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அரசாங்க மருத்துவமனையில் தாதியாகத் தொடங்கினேன். பிறகு உபகாரச் சம்பளத்தில் பொதுச் சுகாதாரம் படித்து, வெளிநாடுகளுக்குப் போய், குழந்தைகளின் வயிற்றுப்போக்கை எதிர்த்து ஆறு நாடுகளில் நடந்த ஒரு திட்டத்துக்குத் தலைவியானேன். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்த இருவரின் மகள் நான். ஒரு நாட்டின் சுகாதார அமைச்சரோடு மேசைக்கு எதிரெதிரே உட்கார்ந்து, 'உங்கள் கிராமங்களுக்கு மருந்து போய்ச் சேரவில்லை' என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. ஆனால் எல்லாவற்றையும்விட நான் பெருமையாக நினைக்கும் காரியம், காலில் கட்டோடு தம்பி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தபோது நடந்தது.

அந்த மேசையில்தான் அன்றைக்கு என் அட்டை கிடந்தது. எழுதப் படிக்கத் தெரியாத தாய்மாருக்காக நாங்கள் தயாரித்த பட அட்டை. வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலோடு துத்தநாக மாத்திரையும் கொடுக்க வேண்டும். மாத்திரையைக் கரண்டித் தண்ணீரில் கரைத்து, நாளுக்கு ஒன்றாக, பத்து நாள். போக்கு நின்றுவிட்டாலும் நிறுத்தக்கூடாது, அதுதான் முக்கியம். அட்டையில் நான்கு படங்கள். வாடிக் கிடக்கும் குழந்தை, கரண்டியில் மாத்திரை, தாய் ஊட்டுவது, கடைசியில் கன்னம் குழிய அழகாகச் சிரிக்கும் குழந்தை. அடுத்த வாரம் ஆறு நாடுகளுக்கும் அச்சுக்குப் போக வேண்டியது. என் கடைசிக் கையெழுத்துக்காகக் காத்திருந்தது.

மாலை நாலு மணி இருக்கும். தம்பி மனைவி காலை ஷிஃப்ட் முடிந்து வந்தாள். செனாவாங்கில் கார்களுக்கான ஒயர்க் கட்டுகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாக வேலை செய்கிறாள். மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், படிப்பை நிறுத்தியவள். பார்ட்களை ஒன்றுகூட்டும் வரிசையில் ஆரம்பித்து, அப்போது சரக்கைச் சரிபார்க்கும் கியூ.சி. ஆக இருந்தாள். நீலச் சீருடையைக்கூட மாற்றாமல், தண்ணீர் குடித்துக்கொண்டே அட்டையைப் பார்த்தாள்.

"அக்கா, இது யாருக்கு?"

"தாய்மாருக்கு. எழுத்துத் தெரியாதவங்களுக்கு."

"அப்போ கடைசிப் படம் தப்பு லா."

எனக்குச் சுருக்கென்றது. "என்ன தப்பு?"

"பிள்ளை சிரிக்குது பாருங்க. சிரிச்சா வேலை முடிஞ்சிருச்சின்னு அர்த்தம். எங்க கம்பெனியில சிரிச்ச மூஞ்சி ஸ்டிக்கர் ஒட்டினா சாமான் பாஸ். பெட்டியில போட்டு மூடிருவாங்க. இவங்களும் மருந்த மூடி வெச்சிருவாங்க."

"இது கம்பெனி இல்லம்மா. பெரிய பெரிய டாக்டருங்க பார்த்து ஒத்துக்கிட்ட படம்."

"சரிக்கா. எனக்குப் பட்டதச் சொன்னேன்." அவள் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

நான் கோபத்தோடு உட்கார்ந்திருந்தேன். எட்டு மாத உழைப்பு அது. குழந்தை மருத்துவர்கள், ஓவியர், நாட்டுக்கு நாடு கூட்டங்கள். ஆனால் அந்தக் கோபத்தில் பாதி பயம். தாய்மார் மூன்றாம் நாளே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள் என்று எல்லா நாடுகளிலிருந்தும் செய்தி வந்துகொண்டேதான் இருந்தது. பழைய அட்டையிலும் இதேபோல் ஒரு சிரித்த குழந்தைதான். நாங்கள் என்ன செய்தோம்? 'தாய்மாரிடம் விழிப்புணர்வு போதவில்லை' என்று அறிக்கையில் எழுதினோம். அந்த வரியை எழுதியது நானேதான்.

மறுநாள் அவள் வந்ததும் நானே பேச்சை எடுத்தேன். "உங்க கம்பெனியில படம் போட்ட பேப்பர் சரியா இருக்கான்னு எப்படிப் பாப்பீங்க?"

அவள் எதிர்நாற்காலியில் உட்கார்ந்தாள். "எங்க லைன்ல நேப்பாள், மியன்மார், இந்தோன்னு எல்லா ஊரு ஆளும் இருக்காங்க. பாதிப் பேருக்கு மலாய் தெரியாது, இங்கிலீஷ் தெரியாது. புது ஆளு வந்தா பேப்பரக் கையில கொடுத்துட்டு நாங்க வாயத் தொறக்க மாட்டோம். அவங்க என்ன செய்றாங்கன்னு மட்டும் பாப்போம். தப்பா செஞ்சா ஆளு தப்பு இல்ல, பேப்பர் தப்பு. பேப்பரதான் மாத்தணும்."

பொதுச் சுகாதாரத்தில் பட்டம் வாங்கியவள் நான். பட அட்டைகளை மக்களிடம் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கும் பாடம் நடத்தியிருக்கிறார்கள். நாங்களும் சோதித்தோம்தான். ஆனால் படத்தைக் காட்டி, விளக்கிச் சொல்லி, 'புரிகிறதா?' என்று கேட்டோம். கையில் கோப்போடு வந்திருக்கும் வெளியாளிடம் யார் புரியவில்லை என்று சொல்வார்கள்?

"உன் கூட வேலை செய்யுறவங்கள நான் பார்க்கலாமா?"

"ஞாயித்துக்கெழமை போலாம். ஆனா நீங்க ஒண்ணும் வெளக்கக்கூடாது."

அவளுடைய தோழிகள் செனாவாங்கில் கடைவரிசைக்கு மேல்மாடியில் ஹாஸ்டலில் இருந்தார்கள். எனக்குப் படி ஏற முடியாது. அதனால் கீழே, பரோட்டா மாதிரியான ரொட்டிச் சானாய் விற்கும் கடையில் ஒரு மூலை மேசையைப் பிடித்தோம். அவள் மேலே போய் ஒவ்வொருவராகக் கூட்டி வந்தாள். எல்லோருமே ஊரில் பிள்ளையை விட்டுவிட்டு வந்த தாய்மார்கள்.

முதலில் வந்தவள் நேப்பாளத்துப் பெண். நான் அங்கே மூன்று வருடம் இருந்தவள். அவள் மொழியில் வணக்கம் சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு என்னை 'தீதீ', அக்கா, என்றே கூப்பிட்டாள். அட்டையைக் கையில் கொடுத்து, இது என்ன சொல்கிறது என்று மட்டும் கேட்டேன்.

அவள் விரலை வைத்து வைத்துப் படித்தாள். "பிள்ளைக்கு வயிறு சரியில்லை. அம்மா கரண்டியில் மருந்து கரைக்கிறாள். கொடுக்கிறாள். பிள்ளை சிரிக்கிறது."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? மீதி மாத்திரையைப் பத்திரமாக எடுத்து வைப்பேன். அடுத்த பிள்ளைக்கு ஆகும்."

தம்பி மனைவி நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் டீயைக் கலக்கிக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் எனக்கு இன்னும் சங்கடமாக இருந்திருக்கும்.

அன்றைக்கு ஏழு பேர் வந்தார்கள். ஆறு பேர் அதையேதான் சொன்னார்கள். ஏழாவது ஆள், ஒரு மியன்மார்ப் பெண், மாத்திரையைச் சட்டைப் பொத்தான் என்று நினைத்துவிட்டாள். பொத்தானை எதற்குக் கரைக்கிறார்கள் என்று தம்பி மனைவியிடம் அரைகுறை மலாயில் கேட்டாள்.

கிளம்பும்போது அந்த நேப்பாளத்துப் பெண் திரும்பவும் கீழே இறங்கி வந்தாள். கையில் போன். அட்டையைப் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். அவளுடைய மூன்று வயது மகன் மாமியாரிடம் வளர்கிறானாம். போன வாரம்தான் அவனுக்கு வயிற்றுப்போக்கு வந்து போனதாம். எடுத்துக்கொள் என்று சொல்லி, பத்து நாள் கொடுக்க வேண்டும் என்பதையும் விளக்கினேன்.

"பத்து நாள் என்று இதில் எங்கே இருக்கிறது தீதீ?"

"இதோ, கீழே எழுதியிருக்கிறதே."

"மாமியாருக்கு எழுத்து தெரியாதே," என்றாள்.

எழுத்து தெரியாதவர்களுக்கான அட்டையில், முக்கியமான ஒரே சேதியை எழுத்தில் வைத்திருந்தோம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் காரில் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். தம்பி மனைவிதான் என் கையைத் தட்டி, "அச்சடிக்கிறதுக்கு முந்தி தெரிஞ்சிச்சே, அது நல்லது லா," என்றாள்.

திங்கட்கிழமை கணினி வழியே கூட்டம். அட்டைக்குப் பொறுப்பான நிபுணர் குழுவின் தலைவர் ஒரு மூத்த குழந்தை மருத்துவர். கறாரானவர், நல்லவர். அச்சை நிறுத்த வேண்டும் என்று நான் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றினார்.

"எத்தனை பேரிடம் சோதித்தீர்கள்?"

"ஏழு பேரிடம்."

"எங்கே?"

"ஒரு ரொட்டிக் கடையில்."

"சோதனையை நடத்தியது யார்?"

"என் தம்பி மனைவி. தொழிற்சாலையில் சரக்குத் தரம் பார்ப்பவர்."

திரையில் இருந்த முகங்களில் இரண்டு மூன்று சிரிப்பை அடக்கின. மருத்துவர் மட்டும் சிரிக்கவில்லை. ஆறு நாடுகள் காத்திருக்கின்றன, மழைக்காலம் வருகிறது, ஏழு பேர் சொன்னதற்காக எல்லாவற்றையும் நிறுத்துவதா என்று கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. நான் அவருக்கு ஒரே பதில்தான் சொன்னேன். "டாக்டர், இன்று மாலை உங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவிடம் அட்டையைக் கொடுங்கள். ஒன்றும் விளக்காதீர்கள். நாளைக்குப் பேசுவோம்."

அவருடைய பதிலுக்கு நான் காத்திருக்கவில்லை. அச்சை நிறுத்தும் உத்தரவில் அன்றைக்கே கையெழுத்துப் போட்டேன். தலைவியாக இருந்த வருடங்களில் நான் போட்ட உத்தரவுகளில் எனக்கு மிகவும் பிடித்தது அது. மறுநாள் மருத்துவர் இரண்டு வரி எழுதியிருந்தார். அவர் வீட்டு அம்மாவும் மீதி மாத்திரையை அலமாரியில் வைப்பேன் என்று சொல்லியிருக்கிறார்.

அதற்குப் பிறகு நான்கு ஞாயிற்றுக்கிழமைகள். சாப்பாட்டு மேசையில் ஸ்கேல் வைத்துப் பென்சிலால், நாளுக்கு ஒன்றாக, பத்துக் கட்டம் போட்டவள் தம்பி மனைவி. அவளுடைய வரிசையில் மணிக்கொரு தரம் ஒரு கட்டத்தில் கோடு போட வேண்டுமாம். "எல்லாக் கட்டமும் நெறையாம யாரும் சீட்ட விட்டு எந்திரிக்க மாட்டாங்கக்கா. காலியா ஒரு கட்டம் இருந்தா கண்ண உறுத்தும்." அந்தப் பென்சில் படத்தைப் போனில் எடுத்து ஓவியருக்கு அனுப்பினேன். அவர் வரைந்து அனுப்புவதைத் தம்பி லாரியிலேயே லுக்குட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரதி எடுத்து வருவான். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் ரொட்டிக் கடையில் இருப்போம்.

எல்லாம் ஒரே தடவையில் சரியாகிவிடவில்லை. இரண்டாவது வாரம் ஒரு இந்தோனேசியப் பெண் பேனாவை வாங்கி, மளமளவென்று பத்துக் கட்டத்திலும் ஒரே மூச்சில் கோடு போட்டுவிட்டு, "சியாப்!" என்றாள். முடிந்தது என்று அர்த்தம். ஏதோ விண்ணப்பப் பாரத்தை நிரப்பச் சொல்கிறோம் என்று நினைத்துவிட்டாள். நான் சோர்ந்துபோனேன். தம்பி மனைவி சோரவில்லை. "கட்டத்துக்கு மேல ஒவ்வொரு சூரியன் போடச் சொல்லுங்க. ஒரு நாளைக்கு ஒரு சூரியன்தான வரும்," என்றாள். மூன்றாவது வாரம் பொத்தான் குழப்பம் தீர்ந்தது. மாத்திரைப் பட்டையோடு சேர்த்து வரைந்தோம். நான்காவது வாரம் வந்த ஒன்பது பேரில் எட்டுப் பேர் பத்து நாள் என்று சொன்னார்கள். ஒன்பதாவது ஆள் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்.

சிரித்த குழந்தையை என்ன செய்வது என்பதில் மட்டும் ஒரு சிக்கல். அது தன் மகளின் முகம் என்று ஓவியர் அப்போதுதான் வாயைத் திறந்தார். அட்டையை மடித்தால் வெளியே தெரியும் பக்கத்தில் அவளை வைத்துவிட்டோம். அங்கே அவள் எவ்வளவு சிரித்தாலும் யாரும் மருந்தை நிறுத்தமாட்டார்கள்.

மழைக்குச் சற்று முன்னால் அட்டைகள் போய்ச் சேர்ந்தன. என் காலும் சரியாகி நான் வேலைக்குத் திரும்பினேன்.

ஒரு வருடம் கழித்து நேப்பாளத்தில் மறுஆய்வுக் கூட்டம். ஆறு நாட்டு மருத்துவர்களும் அதிகாரிகளும் வருவார்கள். அட்டை எப்படி உருவானது என்று ஒரு மணி நேரம் பேச வேண்டும். அதைப் பேச வேண்டியவள் நான் இல்லை என்று முடிவு செய்து தம்பி வீட்டுக்குப் போன் போட்டேன்.

"நானா? நான் எதுக்குக்கா? அங்க எல்லாரும் டாக்டருங்க," என்றாள்.

"அதனாலதான்."

"என் இங்கிலீஷ் கேட்டா சிரிப்பாங்க."

பின்னாலிருந்து தம்பியின் குரல் கேட்டது. "போய்ட்டு வா லா. எனக்கு முட்டை பொரிக்கத் தெரியும்."

அவள் வெளிநாட்டுக்குப் போனதே இல்லை. பாஸ்போர்ட் எடுத்தாள். சூப்பர்வைசரிடம் ஒரு வாரம் லீவு கேட்டாள். எதற்கு என்று கேட்டிருக்கிறார். அட்டையைக் காட்டியிருக்கிறாள். அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது நம்ம செக் ஷீட் மாதிரியே இருக்கே," என்றாராம். லீவு கிடைத்தது.

கூட்டத்தன்று அவள் பச்சைப் பட்டுப் புடவையில் வந்தாள். மேடையில் ஏறியதும், பேச எழுதி வைத்திருந்த தாளைத் தேடினாள். அதை அறையிலேயே மறந்துவிட்டு வந்திருந்தாள். நான் எழுந்து மொழிபெயர்க்கவா என்று சைகை செய்தேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கீழே இறங்கி, முன்வரிசையில் இருந்த ஒரு அதிகாரியின் கையில், கைப்பையிலிருந்து ஏதோ ஒரு தாளை எடுத்துக் கொடுத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் நின்றாள். அது அவளுடைய தொழிற்சாலையில் ஒயர் கட்டும் வேலைக்கான படத்தாள். கூடவே நாலு கலர் ஒயர். அதிகாரி திருதிருவென்று விழித்தார், ஒயரை எடுத்தார், சுற்றினார், சிக்கலாக்கினார். அரங்கமே எட்டிப் பார்த்தது.

அப்போதுதான் அவள் வாயைத் திறந்தாள். தன்னுடைய இங்கிலீஷில், துண்டு துண்டாக, ஆனால் தெளிவாக: "சார், நீங்க தப்பு இல்லை. பேப்பர் தப்பு. இது பழைய பேப்பர். நாங்க மாத்திட்டோம்."

அரங்கம் சிரித்தது. அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவளோடு சேர்ந்து சிரித்தது. அடுத்த ஒரு மணி நேரம் ஒருவரும் போனைத் தொடவில்லை. கடைசியில் அந்த மூத்த குழந்தை மருத்துவர் எழுந்து, இதையெல்லாம் எங்கே படித்தீர்கள் என்று கேட்டார்.

"லைன்ல, சார்," என்றாள். "பத்தொன்பது வருஷம்."

அவர் கையைத் தட்டத் தொடங்கினார். நான் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன்.

மறுநாள் எங்களை மலைப்பக்கம் ஒரு சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே ஒரு இளம் தாய் வந்திருந்தாள். இடுப்பில் இருந்த குழந்தை நன்றாகக் குணமாகி, அவள் காதணியைப் பிடித்து இழுத்து விளையாடிக்கொண்டிருந்தது. அட்டையைக் கேட்டதும் ரவிக்கைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தாள். அடுப்புக் கரியால் எட்டுக் கட்டத்தில் கோடு. குழந்தைக்கு எப்போது சரியானது என்று கேட்டேன். மூன்றாம் நாளே என்றாள். பிறகு ஏன் கொடுக்கிறாய் என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, காலியாக இருந்த இரண்டு கட்டத்தையும் விரலால் தொட்டுக் காட்டினாள். அவ்வளவுதான்.

நான் தம்பி மனைவிக்கு அதை மொழிபெயர்க்கத் திரும்பினேன். அவளுக்கு அது தேவைப்படவில்லை. அந்தத் தாயின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, அட்டையை மடியில் வைத்து, கரிக் கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நாடுகளில் எத்தனையோ கட்டடத் திறப்பு விழாக்களில் நாடா வெட்டியிருக்கிறேன். அன்றைக்கு அந்தப் பெஞ்சைப் பார்த்தபோது வந்த நிறைவு எந்த விழாவிலும் எனக்கு வந்ததில்லை.

திட்டத்தின் நிறைவு நூலில், அட்டையை உருவாக்கியவர்களின் பட்டியல் ஒரு பக்கம் வந்தது. எல்லோருடைய பெயருக்குப் பின்னாலும் பட்டங்கள், பல்கலைக்கழகங்கள். பதிப்பாசிரியர் எனக்கு எழுதினார்: உங்கள் தம்பி மனைவியின் பெயருக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருக்கிறது, என்ன போடலாம்? 'சமூகப் பங்கேற்பாளர்' என்று போட்டுவிடலாமா?

நான் அவளையே கேட்டேன். அவள் தொழிற்சாலை பஸ்ஸுக்காகத் தோட்டத்து முச்சந்தியில் நின்றுகொண்டிருந்தாள். பின்னால் மோட்டார் சைக்கிள்கள் போகும் சத்தம்.

"சமூக... என்னாது? அது எனக்குப் புரியல. கியூ.சி.ன்னு போடுங்கக்கா. செனாவாங்னு போடுங்க. அதான என் வேலை."

பதிப்பாசிரியர் மறுபடியும் எழுதினார். கியூ.சி. என்றால் வாசகர்களுக்கு விளங்காது, கொஞ்சம் விரித்து எழுதலாமே என்றார். ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டாம் என்று பதில் போட்டேன். இரண்டு பேராசிரியர்களுக்கு நடுவில் அவள் பெயர் அப்படியே அச்சானது.